அவள் கையில் என் பெயர்

என் அக்காவுக்கு நான் இரண்டு விரல்களின் ஒரு திருகு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு முறை திருகினால் அது நான். பள்ளிக்கூடத்தில் எனக்கு வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் பிறந்ததிலிருந்தே காது கேளாதவள், அதனால் பேச்சும் வரவில்லை. என்னைவிட ஏழு வயது பெரியவள். எங்கள் வீட்டில் ஒரு தறி இருந்தது. அதில் நெய்தது நைனா, எங்கள் அப்பா. தறியில் நீளவாட்டில் கட்டிய இழைகளான பழைய பாவு தீர்ந்துபோனால், புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரல்களால் திருகிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்றுகூடத் தவறாமல் பிணைக்கிறவள் என்று அக்காவுக்கு எங்கள் பிள்ளையார்பாளையத்தில் நாலைந்து தெருவுக்குப் பெயர் உண்டு. அவள் பிணைக்கும்போது ஐந்து வயதில் நான் எதிரே உட்கார்ந்து சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அன்றிலிருந்து அந்தத் திருகு என் பெயராயிற்று.

அவளுடைய பாஷை முழுக்கத் தறியிலிருந்து வந்தது. குறுக்கு இழையோடு ஓடுகிற நாடாவை எறிவதுபோல் கை இப்படியும் அப்படியும் போனால் 'போய் வந்தேன்'. இடுப்புக்குக் குறுக்கே கையால் வெட்டினால் 'முடிந்தது'. சேலை முடிந்து தறியிலிருந்து அறுக்கிற செய்கை அது. மோவாயைத் தடவினால் நைனா. தெருவில் எல்லோருக்கும் பத்துச் செய்கை தெரியும், நைனாவுக்கு ஐம்பது தெரியும். எல்லாமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா இறந்த பிறகு அப்படி ஆகிவிட்டது. ஒருத்தியின் உலகம் முழுவதும் என் வழியாக வந்து போகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கர்வப்பட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தொரு வயது. முசரவாக்கத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். நைனா கேலியாக என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். சுபாவத்தில் நான் பயந்தாங்கொள்ளி. கரும்பலகைக்கு முன்னால் நின்று அதட்டுவேன், பல்லியைக் கண்டால் வகுப்பை விட்டு வெளியே வந்துவிடுவேன். அதனால் நான் பயந்தேன் என்று எழுதுவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வருடம் நான் பட்ட பயம் பல்லிப் பயம் இல்லை.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மற்ற வீடுகளில் ஒருவருக்கு மனம் பிசகினால் தானாகப் பேசுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். ஊமைப் பெண் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் அதில் என்ன அதிசயம்? அவள் எப்போதும் ஆட்டுகிற கைதானே என்று எல்லோரும் இருந்துவிட்டோம். நான்தான் ஒருநாள் கவனித்தேன். அவள் யாரிடமும் பேசவில்லை, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தறிக்கு மேலே, சுவரும் கூரையும் சேர்கிற மூலையைப் பார்த்துக் கை சொன்னது: 'மாட்டேன். மாட்டேன். வேலை இருக்கிறது.'

அவள் தோளைத் தொட்டு, யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். எனக்குத்தான் கண் சரியில்லை என்பதுபோல. பிறகு மூலையைக் காட்டினாள். தன் வலது கையை இடது கையால் மணிக்கட்டோடு பிடித்து, அங்கே வைத்துக் காட்டினாள். ஒரு கை. தன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அழித்தாள். முகம் இல்லை. அப்புறம் அந்தக் கை பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். எங்கள் வீட்டுச் செய்கைகள்தான். ஆனால் விறைப்பாக, கட்டளை போடுகிற மாதிரி இருந்தன.

அந்த மூலையை நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒட்டடைதான் இருந்தது. ஆனாலும் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த அறையில் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி உட்காரவே எனக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாடு குறைந்தது. இழைகள் தப்பிப் பிணைந்தன. இரண்டு வீட்டில் அவள் பிணைத்த பாவை அவிழ்த்து மறுபடி பிணைக்க வேண்டியதாயிற்று. எதிர்வீட்டுக்காரம்மா வேப்பிலை அடிக்கச் சொன்னாள், அடித்தார்கள். தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டச் சொன்னாள், கட்டினோம். கயிறு கட்டியவர் நல்ல மனிதர். அக்காவின் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நைனாவிடம், "கயிறு கட்டிட்டேன்பா, ஆனா டாக்டருக்கும் காட்டிடு" என்றார். மற்ற எவரும் அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

நைனாவும் நானும் அவளைப் பட்டணத்துக்கு அழைத்துப் போனோம். மனநோய்க்கென்று இருந்த ஓர் ஆஸ்பத்திரி. பெரிய மரங்கள், பெரிய கம்பிக் கதவு. டாக்டர் இளைஞர், பொறுமையானவர், வாசலில் கூட்டம் நின்றதால் அந்தப் பொறுமையையும் அவசரமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபாரத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். பதில்களை நான் சொன்னேன்.

"யாராவது காதுல பேசற மாதிரி குரல் கேக்குதான்னு கேளுங்க."

"சார், அவளுக்குக் காது கேக்காது."

"தெரியும்மா. ஃபாரத்துல இருக்கு, கேட்டுத்தான் ஆகணும்."

நான் அவள் காதைத் தொட்டு, வாய் பேசுவதுபோல் காட்டி, கேட்கிறதா என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். டாக்டர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு அவளே பேசத் தொடங்கினாள். யார் என்று தெரியாத அந்த மனிதரைப் பார்த்து, அவர் உதவுவார் என்று நம்பி, எல்லாவற்றையும் சொன்னாள். மூலை. கை. முகம் இல்லாதது. கட்டளை. தூங்க விடுவதில்லை. பயமாக இருக்கிறது. அவ்வளவு கோவையாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

அந்தச் சமயம் உள்ளே எங்கேயோ ஒரு பெண் அலறினாள். ஒரு கம்பிக் கதவு சாத்தப்படுகிற ஓசை கேட்டது. அலறல் அப்படியே அடங்கியது. நான் சொல்லப்போகிற ஒரு வாக்கியத்தில் அந்தக் கதவு இவளுக்கும் சாத்தப்படும் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது, அதையும் மறைக்கப் போவதில்லை. ஏனாத்தூரிலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "அக்கா ஊமைன்னா பரவால்ல மா, அது பொறப்பு. வேற ஒண்ணும் இல்லியே?" என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

"தறி வேலையப் பத்திச் சொல்றா சார்" என்றேன்.

அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இவ்வளவு சின்னதாகப் பேசி முடித்ததைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சொன்னாயா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். ஒரே நிமிஷத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய்.

ஆனால் டாக்டரும் முழுக்க ஏமாறவில்லை. என்னவோ இருக்கிறது, காது கேளாதவளிடம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை, முதலில் காது டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். காது டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறவிச் செவிடு, இதில் செய்ய ஒன்றும் இல்லை, நடத்தை சரியில்லை என்றால் மனநல டாக்டரிடம் போங்கள் என்றார். செவிட்டுப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் கை பாஷை தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று யாரோ சொல்ல, அங்கேயும் போனோம். அங்கே இருந்த அம்மாள் வாசலிலேயே நிறுத்தி, "இது சின்னப் பசங்க படிக்கிற எடம். புத்தி சரியில்லாதவங்கள உள்ள விட முடியாது" என்றாள். எட்டிப் பார்த்தபோது ஒரு வகுப்பு முழுக்கக் கைகள் பறந்துகொண்டிருந்தன. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர்கள் பேசியது அவளுக்குப் புரியவில்லை. அவளுடையது எங்கள் வீட்டுப் பாஷை ஆயிற்றே.

பஸ்ஸில் நைனா வெற்றிலையை மென்றுகொண்டே, "காதுக்குப் போனா மனசுன்றான், மனசுக்குப் போனா காதுன்றான். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. நம்ம பொண்ணு எந்தக் கணக்குலயும் வரலபோல இருக்குது டீச்சரம்மா" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் ஒரு கணக்கில் வந்திருப்பாள். நான்தான் வர விடவில்லை.

ஏனாத்தூர்ச் சம்பந்தம் ஜாதகம் பொருந்தவில்லை என்று இரண்டே வாரத்தில் நின்றுபோனது. எதற்காகப் பொய் சொன்னேனோ அதுவும் கிடைக்கவில்லை.

அது நடந்த அன்று நான் நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தேன். தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. நைனா சாயம் போடுகிறவர் வீட்டுக்குப் போயிருந்தார். உள்ளே போனேன். அக்கா தறிக்குழியில் கால் வைத்து, நைனா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கையில் கத்தரிக்கோல். தறியில் இருந்த பாவு முழுவதும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நேராக வெட்டப்பட்டுத் தொங்கியது. பாதி நெய்த சேலை மடிந்து குழிக்குள் கிடந்தது.

நெசவாளர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஓடுகிற பாவை அறுப்பது எங்களுக்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி. அக்கா என்னைவிட அதை அறிந்தவள். அவள் வாழ்நாள் முழுவதும் செய்தது அறுந்ததைப் பிணைக்கிற வேலை.

அவள் முகத்தில் கோபம் இல்லை. சொன்னதைச் செய்துவிட்ட குழந்தையின் களைப்பு இருந்தது. கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: 'கை சொன்னது. செய்தேன். போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.' பிறகு ஒரு விரலை உயர்த்தினாள். 'இன்னும் ஒன்று சொல்கிறது.'

என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் பார்வை என் கழுத்தில் நின்றிருந்தது.

ஓட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் நின்ற இடத்திலேயே நின்றேன். கத்தினாலும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, கத்துவதை இவளும் கேட்க மாட்டாள். என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளைப் பார்த்துப் பயந்தேன். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, இன்றைக்கும் பயமாகவும் இருக்கிறது.

அவள்தான் முடித்துவைத்தாள். கத்தரிக்கோலைத் தரையில் வைத்து, கையால் என் பக்கம் தள்ளினாள். 'ஒளித்து வை. எங்கே என்று எனக்குச் சொல்லாதே.' நான் எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது தன் முந்தானையைக் கிழித்து ஒரு பட்டையாக வைத்திருந்தாள். அதை என்னிடம் நீட்டி, கண்ணைக் காட்டினாள். கட்டு என்றாள். கண்ணை மூடினால் அந்தக் கை தெரியாதாம். கண்ணை மூடினால் அவளுக்கு நானும் தெரிய மாட்டேன், உலகமே தெரியாது. அதற்கும் சம்மதம் என்றாள். கட்டினேன். நைனா வந்து பார்த்தபோது நாங்கள் இரண்டு பேரும் கை கோத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தோம்.

நைனா பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திட்டவில்லை. "இன்னாமா இது" என்று மட்டும் சொல்லி, அப்படியே சுவரில் சாய்ந்தார். அப்போதுதான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையைப் பற்றி, டாக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றி. கேட்டு முடித்தவர், "நீ பயந்துக்கினா, அவ யாராண்ட போவா?" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மறுநாளே மறுபடி பட்டணம். இந்தத் தடவை வேறொரு டாக்டர், வயதானவர். நான் ஃபாரத்துக்குக் காத்திருக்கவில்லை. "சார், இவளுக்குக் குரல் கேக்காது, கை தெரியுது. அந்தக் கை பேசுது" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "கை தெரியுதா" என்று தனக்குள்ளேயே ஒரு முறை சொல்லிக்கொண்டார். "குரல் கேக்கறதும் இதுவும் ஒண்ணுதான்மா. போன தடவையே சொல்லியிருந்தா மருந்து ஆரம்பிச்சிருக்கலாம். இப்ப சேர்த்துத்தான் ஆகணும்."

"இவ பேசறது இங்க யாருக்குப் புரியும் சார்?"

"யாருக்கும் புரியாது. அப்படி ஆள் இங்க இல்ல."

"நான் கூட இருக்கட்டுங்களா?"

"பெண்கள் வார்டுல வெளி ஆள் தங்க முடியாதும்மா. விதி."

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வாத்தியாரம்மா அல்லவா, வாசலில் ஒரு நோட்டு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்து அவளுடைய செய்கைகளைப் படமாக வரைந்தேன். பசி, தண்ணீர், வலி, மாதவிலக்கு, குளிர், பயம், கை வந்திருக்கிறது, தங்கச்சி எங்கே. பக்கத்திலேயே அர்த்தம் எழுதினேன். முப்பதுக்கு மேல் இருக்கும். நர்ஸ் அதை வாங்கி, "நல்லா வரைஞ்சிருக்கீங்களே" என்று சொல்லி மேஜை டிராயரில் போட்டாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது அக்கா திரும்பித் திரும்பி என் பெயரைச் சொன்னாள். விரல் திருகு, விரல் திருகு. கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டுக்கொண்டேதான் போனாள்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்க விட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கிழிந்த துணியால் கட்டியிருந்தார்கள்.

புதிய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். "கைய ஆட்டிக்கினே இருக்குதும்மா. பக்கத்துக் கட்டில்ல இருக்கறவங்க மூஞ்சியாண்ட கொண்டும்போவுது. அடிக்க வருதுன்னு எல்லாம் பயப்படறாங்க" என்றாள்.

"அவ பேசறாம்மா. அது பேச்சு. நோட்டு ஒண்ணு குடுத்தேனே."

"எந்த நோட்டு?"

நான் துணியை அவிழ்த்தேன். என்னை யாரும் தடுக்கவில்லை. மணிக்கட்டில் வரிவரியாகச் சிவந்திருந்தது. அவிழ்த்த பிறகும் அவள் கைகளை அசைக்கவில்லை. யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள்போல அவை மடியில் கிடந்தன. எத்தனை நாள் வாயைக் கட்டி வைத்திருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நெடு நேரம் கழித்து அவள் வலது கை மெல்ல எழுந்து ஒன்று கேட்டது. பாவு? நைனாவே ஒவ்வோர் இழையாகப் பிணைக்கிறார் என்றேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் 'அமைதியாக இருக்கிறார்' என்று எழுதியிருந்தது. மருந்து வேலை செய்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் கை போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அந்த மூலையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். இருக்கிறதா என்றேன். இல்லை என்றாள். நைனா வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன், அவள் கை நடுங்கியது. மருந்தின் குணம் அது. பெரிய செய்கைகள் வந்தன. நாடா எறிவது வந்தது, வெட்டுவது வந்தது. சின்னவை கலங்கிப்போயின. பசியா வலியா என்று நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. இழை பிணைப்பது அடியோடு போயிற்று. ஊர் டாக்டரிடம் கேட்டால், "மருந்தக் குறைச்சா பழையபடி வரும், அது வேணுமா?" என்றார். வேண்டாம் என்றோம். நடுக்கத்தைத் தணிக்கவும் மாத்திரை உண்டு என்பது எனக்குப் பல வருடம் கழித்து வேறொருவர் வீட்டில் பேச்சுவாக்கில் தெரிந்தது. பேசத் தெரிந்த நோயாளி 'கை நடுங்குது சார்' என்று சொல்லியிருப்பாள். இவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், அந்த நடுங்குகிற கையால்.

ஒருநாள் நான் சமையலறையில் இருந்தேன். வாசற்படியில் நின்று என்னைக் கூப்பிட முயன்றாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடின, தொட்டன, விலகின. திருகு வரவில்லை. மறுபடி முயன்றாள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு வந்தும் முயன்றாள். நான் போய் அவள் விரல்களைப் பிடித்துச் சேர்த்துத் திருகிக் காட்டினேன். விட்டதும் பிரிந்தன. பரவாயில்லை, நீ கையைத் தூக்கினாலே வருகிறேன் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். அப்புறம் எனக்கு வேறு பெயர் வைத்தாள். நடுங்கினாலும் கலங்காத, தூரத்திலிருந்தும் தெரிகிற செய்கை. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

அதன் பிறகு பதினாறு வருடம் இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்கு அவள் காரணம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தெருவிலும் எல்லோரும் அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டார்கள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கினால் பிள்ளைகள் மணிக்கட்டை மணிக்கட்டின்மேல் வைத்து, தங்கச்சி வந்தாச்சு என்று அவளுக்குச் சொல்லும்.

ஒவ்வொரு முறையும் எனக்குப் பகீர் என்றது. அவளை அங்கே கொண்டுபோய் விட்டவளும் நான், போய்க் கட்டை அவிழ்த்தவளும் நான். எதற்காக இந்தப் பெயர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அவள் எதையும் மறைக்கிறவள் இல்லை. கேட்க எனக்குத் தெரிந்த பாஷைதான். பதினாறு வருடமும் கேட்காமலே இருந்துவிட்டேன்.